"எந்தச் சூத்திரம் அப்பா?" என்று கேட்கும் பிள்ளைக்கு

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். மகள் தரம் 8. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 90க்குக் கீழே எடுத்ததில்லை. கனடாவில் இருக்கும் சித்தி தொலைபேசியில் ஒரு கணக்குக் கொடுத்தார்: 24 மீற்றர் வேலி இருக்கிறது, அதைச் சுற்றி அடைத்து ஒரு செவ்வகத் தோட்டம் அமைக்க வேண்டும், எப்படி அமைப்பாய்? பிள்ளை கால் மணித்தியாலம் கொப்பியைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "எந்தச் சூத்திரம் அப்பா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். அவளுடைய அத்திவாரம் பலவீனமா, இப்படிப் பல விடை வரும் கணக்குகளைப் பழக்கினால் சாதாரண தரப் (O/L) பரீட்சைக்கு உதவுமா, இல்லையென்றால் நேரம்தான் வீணாகுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள்ளே நீங்கள் வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: 90 எடுக்கிற பிள்ளைக்கு உண்மையில் கணிதம் தெரியுமா?

தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செவ்வகத்தின் சுற்றளவு, பரப்பளவு இரண்டும் அவளுக்குக் கை வந்த விசயங்கள். நீளமும் அகலமும் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் செய்திருப்பாள். அவளை நிறுத்தியது வேறு. இதுவரை அவள் கண்ட ஒவ்வொரு கணக்கிலும், வேண்டிய தரவு முழுவதும் வினாவிலேயே இருந்தது, வேண்டாத தரவு ஒன்றுகூட இருக்கவில்லை, விடை ஒன்றுதான், அது சரியா பிழையா என்று சொல்வது ரீச்சரின் வேலை. சித்தியின் கணக்கில் இந்த நான்கும் ஒரேயடியாக இல்லாமல் போய்விட்டன. பழகிய வீட்டில் விளக்கு அணைந்தமாதிரி. அழுததில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பிரான்சில் கிரெனோபிள் நகரில் 1979 அளவில் நடந்த ஒரு சோதனை பேர்பெற்றது. ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 ஆடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன என்று சிறு வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள். நானும் ஒருமுறை என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன்: பருத்தித்துறை பஸ்ஸில் 26 பேர் இருந்தார்கள், நெல்லியடியில் 10 பேர் ஏறினார்கள், ஓட்டுநருக்கு எத்தனை வயது? முன்வாங்கில் இருந்து உடனே கைகள் உயர்ந்தன. "36 ரீச்சர்." கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். வினா என்று ஒன்று வந்தால் விடை இருந்தே ஆகவேண்டும், ரீச்சர் பிழையாகக் கேட்கமாட்டார் என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்தது நாங்கள்தான்.

நான் 29 வருடம் கணிதம் படிப்பித்தவள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துப் பாடசாலைகளில். இந்த வேலிக் கணக்கும் எனக்குப் பழையது. போரால் வந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு தென்மராட்சிக்குப் போனபோது புத்தகமும் இல்லை, கொப்பியும் இல்லை. மாமரத்தின் கீழே ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒன்றாக இருந்தன. மண்ணில் தடியால் கீறித்தான் படிப்பித்தோம். ஒரே வசனத்தில் சொல்லக்கூடிய, எல்லா வயதுக்காரருக்கும் வேலை வைக்கக்கூடிய கணக்கு வேண்டியிருந்தது. "24 முழக் கயிறு இருக்கு. செவ்வகமாக் காணி பிடியுங்கோ" என்றேன். அன்றைக்கு அது ஒரு வழியில்லாத வழி. பிறகு பாடசாலை கட்டடத்துக்குள் வந்த பின்னும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கைக் கொடுத்தேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு பிள்ளை 8, 4 என்று சொல்லும். இன்னொன்று 10, 2 என்று சொல்லும். யார் சரி என்று என்னைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டும் சரி என்று அவர்களாகவே காணச் சற்று நேரம் எடுக்கும். அதன்பின் ஒரே ஆரவாரம்: 11, 1, 9, 3, 7, 5, 6, 6. முழு எண்ணாக ஆறு செவ்வகங்கள். இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் "பாருங்கள், ஒரு கணக்குக்கு எத்தனை விடை!" என்று மகிழ்ந்து பாடத்தை முடித்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். எல்லாரையும் பாராட்டினேன், எல்லா விடையும் சரி என்றேன். பிள்ளைகளுக்குச் சந்தோசம்; ஆனால் யாரும் ஒன்றையும் யோசிக்கவில்லை. விடைகளைப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான். அதை உணர எனக்கு இரண்டு, மூன்று வருடம் பிடித்தது. பிறகுதான் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: "வேறு இல்லை என்று எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி விழுந்ததும் வகுப்பு மாறும். ஒழுங்கில்லாமல் சொன்ன விடைகளை 1 இலிருந்து வரிசையாக எழுதத் தொடங்குவார்கள். 7, 5 வந்துவிட்டால் 5, 7 அதே தோட்டம்தானே, அதை எண்ணுவதா விடுவதா என்று வாக்குவாதம் வரும். பரப்பளவைப் பக்கத்தில் எழுதச் சொல்வேன்: 11, 20, 27, 32, 35, 36. வேலி ஒன்றுதான், நிலம் ஏன் மாறுகிறது? வீட்டில் காணி இருக்கும் பிள்ளைக்குக்கூட இது அதிர்ச்சி. ஒரு வருடம், பேசாமல் கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை வந்து 36 இலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு குறைகிறது என்று எழுதிக் காட்டினாள்: 1, 4, 9, 16, 25. "எல்லாம் சதுர எண் ரீச்சர்." பக்கங்கள் 6 இலிருந்து ஒன்று கூடி ஒன்று குறைந்தால் 7 தர 5, அதில் குறைவது 1, இரண்டு கூடி இரண்டு குறைந்தால் 8 தர 4, குறைவது 4. பெரிய வகுப்பில் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்று சூத்திரமாகப் படிக்கப்போவதை அவள் மண்வெட்டி பிடிக்காமல் தோட்டத்தில் கண்டெடுத்தாள். குறைவது எப்போதும் ஒரு வர்க்கம் என்றால், குறையாமல் இருப்பது 6 தர 6 மட்டும். செவ்வகங்களுக்குள் மிகப் பெரியது சதுரம் என்பதற்கு அதைவிடத் தெளிவான நிறுவல் எனக்குத் தெரியாது.

மிகச் சிறியது எது என்று கேட்டால் கதை வேறு. 11 தர 1 என்பார்கள். பக்கம் முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லையே? ஒருவன் 11.5 தர 0.5 என்று 5.75 ஐக் கொண்டுவருவான். இன்னொருவன் 11.99 தர 0.01. அதற்கும் கீழே போகலாம், போய்க்கொண்டே இருக்கலாம். மிகப் பெரியது உண்டு, மிகச் சிறியது கிடையாது. தரம் 8 பிள்ளை அதைத் தன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும்.

பிறகு அவர்களே வினாவை மாற்றத் தொடங்குவார்கள். "ரீச்சர், படலை எங்க வைக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி, படலைக்கு இரண்டு மீற்றர் விட்டால் சுற்றளவு 26. "ஒரு பக்கம் பக்கத்து வீட்டு மதில் எண்டால் அந்தப் பக்கம் வேலி தேவையில்லைத்தானே?" என்றான் ஒருவன். அப்படியென்றால் 24 மீற்றரும் மூன்று பக்கத்துக்குத்தான். சதுரம்தான் பெரியது என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள்: 8 தர 8, 64. ஆனால் 12 தர 6 எடுத்தால் 72. முன்னர் நிறுவிய சதுரம் எங்கே போனது? மதிலில் ஒரு கண்ணாடியை வைத்ததாக நினைக்கச் சொன்னேன். தோட்டமும் அதன் விம்பமும் சேர்ந்தால் 48 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு முழுத் தோட்டம். அதில் மிகப் பெரியது 12 தர 12 சதுரம். அதில் பாதி 72. சதுரம் எங்கும் போகவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் பாதி ஒளிந்திருந்தது.

இவ்வளவும் உங்கள் மகளுக்குத் தெரிந்த கணிதத்துக்குள்தான் நடக்கிறது. புதிதாக ஒரு சூத்திரமும் தேவைப்படவில்லை. அதனால்தான் அத்திவாரம் பலவீனமில்லை என்று துணிந்து சொல்கிறேன். அவள் பழகவேண்டியது, தன் விடை முழுமையா என்று தானே தீர்மானிப்பது.

"திறந்த வினா" என்ற பேரில் எங்கள் பக்கத்தில் பலவற்றையும் கலக்கிறார்கள். ஒலிம்பியாட் வினாக்கள் கடினமானவை, ஆனால் பெரும்பாலும் ஒற்றை விடைதான். புதிர்களில் ஒரு தந்திரம் தெரிந்தால் முடிந்தது. இன்னொரு வகை, உலகத்தில் எவருமே இன்னும் தீர்க்காதவை: 2ஐ விடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணையும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா என்று கணிதவியலாளர் கோல்ட்பாக் 1742 இல் இன்னொரு கணிதவியலாளரான ஒயிலருக்குக் கடிதத்தில் எழுப்பிய கேள்வி இன்றைக்கும் நிறுவப்படாமல் இருக்கிறது. அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், நூறு வரைக்கும் செய்து பார்க்கட்டும். கணிதம் எழுதி முடிந்த புத்தகம் என்ற எண்ணம் போக அது நல்லது. ஆனால் நியாயிக்கப் பழக்குவதற்கு வேண்டியது தொடக்கம் இலகுவாகவும் முடிவு பிள்ளையின் கையிலும் இருக்கும் கணக்கு.

இதை ஒரு முறையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர். 1970களில் சிகெரு சிமாடா என்பவரும் கூட இருந்த ஆசிரியர்களும் வகுப்பறைகளில் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய ஒரு கணக்கை நான் எங்கள் போளை (கோலிக்குண்டு) விளையாட்டாக மாற்றிக் கொடுப்பது வழக்கம். மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து போளை எறிகிறார்கள். யாருடைய போளைகள் குறைவாகச் சிதறியிருக்கின்றன? கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது. சிதறலை அளக்க ஒரு வழி சொல்லவேண்டும். வெளியே கிடக்கும் போளைகளைக் கோட்டால் இணைத்து வரும் உருவின் பரப்பளவை அளக்கலாம் என்று ஒருவர் சொல்வார். நல்ல யோசனை. ஆனால் ஐந்தும் ஒரே நேர்கோட்டில் முற்றம் முழுக்கக் கிடந்தால் பரப்பளவு பூச்சியம், சிதறவே இல்லை என்று வந்துவிடும். அப்படியானால் மிகத் தூரத்தில் உள்ள இரண்டுக்கு இடைப்பட்ட தூரம்? நான்கு ஒன்றாகக் கிடக்க ஒன்று மட்டும் உருண்டோடியிருந்தால் அது நியாயமில்லை. எல்லாத் தூரங்களின் கூட்டுத்தொகை? நியாயம், ஆனால் பத்துத் தடவை அளக்கவேண்டும். எல்லாவற்றையும் மூடும் மிகச் சிறிய வட்டம்? அதை எப்படிக் கீறுவது? இங்கே ஒரு சரியான விடை கிடையாது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பலம், ஒரு ஓட்டை. மற்றவர் சொன்ன அளவில் ஓட்டையைக் காட்ட ஓர் உதாரணத்தை உருவாக்குவதுதான் அந்தப் பாடத்தின் சாரம். வீச்சு, இடைவிலகல் என்று சிதறலை அளக்கும் முறைகளைப் பின்னால் படிக்கும்போது, அவை ஏன் பிறந்தன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இனி பரீட்சை. இங்கே எனக்கு எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துச் சொல்லவேண்டும். இப்படிப் பழகிய பிள்ளைகள் புதுமாதிரியான வினாவைக் கண்டு முடங்குவதில்லை என்பதை வருடக்கணக்காகக் கண்டிருக்கிறேன். விடை எழுதியபின் அது பொருந்துகிறதா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் வருவதையும் கண்டிருக்கிறேன். அந்தரத்தில் எழுதிய ஒரு கூட்டல் பிழைக்குப் புள்ளி போகாமல் இருக்க அதுவே பெரிய உதவி. ஆனால் சாதாரண தரத்தில் இத்தனை புள்ளி கூடும் என்று வாக்குத் தரமாட்டேன். என்னிடம் ஆர்வத்தோடு வந்த பிள்ளைகள் இயல்பாகவே முயற்சிக்காரர்; அவர்கள் நல்ல பெறுபேறு எடுத்தது கணக்கின் பலனா, அவர்களின் குணத்தின் பலனா என்று என் அனுபவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம், இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று. அந்த நேரத்துக்குள் முடிக்க வேகம் வேண்டும், வேகத்துக்குப் பயிற்சி வேண்டும். ஆகவே ரியூசனை நிறுத்தச் சொல்லமாட்டேன். கடந்தகால வினாத்தாள்களையும் விடச் சொல்லமாட்டேன். கிழமைக்கு ஒரு நாள், முக்கால் மணித்தியாலம், ஒரேயொரு திறந்த கணக்கு. அது போதும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது உடனே பொருந்தும் என்றும் இல்லை. வாய்ப்பாடும் பின்னமும் தடுமாறும் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், கூட்டிப் பெருக்குவதிலேயே களைத்துப்போய் யோசிக்கும் இடத்துக்கு வராது. அந்தப் பிள்ளைக்கு எண்ணைச் சிறிதாக்க வேண்டும், 24க்குப் பதில் 12. வினாவை வாசித்து விளங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்குக் கயிற்றைக் கையில் கொடுக்கவேண்டும். உங்கள் மகளுக்கு இந்த இரண்டும் இல்லை. அவளுக்கு இருப்பது பிழைவிடப் பயம். 90 எடுக்கும் பிள்ளைகளிடம்தான் இது அதிகம், ஏனென்றால் இழக்க அவர்களிடம் ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு உங்கள் கையில்: முதல் மாதம் ஒரு விடைக்கும் "சரி", "பிழை" இரண்டும் சொல்லாதீர்கள். "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள், விசாரிக்கிற குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில். பக்கத்தில் ஒரு தாளை வைத்து நீங்களும் அதே கணக்கைச் செய்யுங்கள். உங்களுக்கும் வராமல் போகட்டும். அப்பா தடுமாறுவதைப் பார்ப்பது அவளுக்கு நான் தரக்கூடிய எந்த ஆலோசனையையும் விடப் பெரியது.

கணக்குகளை எங்கே எடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பாடப்புத்தகத்திலேயே எடுக்கலாம், வினாவைத் தலைகீழாகத் திருப்பினால் சரி. தரவைக் கொடுத்து விடையைக் கேட்பதற்குப் பதில் விடையைக் கொடுத்துத் தரவைக் கேளுங்கள். வீட்டுக் காணி உறுதியும் உதவும். எங்கள் பக்கத்துக் காணி அளவில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் ஒரு பரப்பு 2722.5 சதுர அடி. ஒரு பரப்புக் காணிக்கு எவ்வளவு வேலி வேண்டும்? சதுரமாக இருந்தால் ஏறக்குறைய 209 அடி. பத்தடி அகல ஒழுங்கைபோல நீண்டிருந்தால் 564.5 அடி. அதே பரப்பு, கதியாலும் கிடுகும் இரண்டரை மடங்குக்கு மேல். சித்தியின் கணக்கில் வேலி நிலைத்திருக்க நிலம் மாறியது. இதில் நிலம் நிலைத்திருக்க வேலி மாறுகிறது. மிகப் பெரிய வேலி என்று ஒன்று இருக்கிறதா என்று அவளைக் கேளுங்கள்.

இன்றைக்கே ஒன்று வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள். ஐந்து முழு எண்களின் இடை (சராசரி) 8, இடையம் (வரிசையாக எழுதினால் நடுவில் வருவது) 7, ஆகாரம் (மற்ற எதையும்விடக் கூடிய தரம் வருவது) 5. எண்கள் எவை? ஆகாரம் 5 என்றால் 5 இரண்டு தரமாவது வரவேண்டும். நடுவில் 7 இருப்பதால் அந்த இரண்டும் அதற்குக் கீழே. ஆக 5, 5, 7 உறுதி. மொத்தம் 40, மீதி இரண்டுக்கும் சேர்த்து 23. 8உம் 15உம் தொடக்கம் 11உம் 12உம் வரை நான்கு சோடிகள். அநேகமாக அவள் 7, 16 ஐயும் சேர்த்து ஐந்து என்பாள். பொறுமையாக இருங்கள். 7 இரண்டு தரம் வந்தால் 5 மட்டும் ஆகாரமாக இருக்கமுடியாது. அந்தச் சோடியை அவளாகவே வெட்டும்வரை காத்திருங்கள், எவ்வளவு நேரமானாலும்.

அது முடிந்தால் ஐந்தை ஆறாக்குங்கள்: ஆறு எண்கள், இடை, இடையம், ஆகாரம் முன்போலவே. இப்போது நடுவில் இரண்டு எண்கள், அவற்றின் கூட்டுத்தொகை 14. 7, 7 வைக்கலாமா என்பதிலேயே முதல் தடை வரும். 1 இலிருந்து தொடங்கும் எண்களை மட்டும் எடுத்து நான் எண்ணியபோது 21 விடைகள் வந்தன. 0 ஐயும் சேர்க்கலாம் என்று அவள் வாதாடினால் இன்னும் 5 கூடும். இந்த எண்ணிக்கையை அவளுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டாம். அவளுக்கு வேறு எண்ணிக்கை வந்தால் பட்டியலை இங்கே எழுதச் சொல்லுங்கள், நான் என்னுடையதை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன்.